டைம்கீப்பருக்கு ஓர் இடம்

மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். படத்தில் தெரிவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "டாக்டர் பாத்துட்டு சொல்வார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் வந்து அவளுடைய மேஜை மேலேயே படுத்தபோதும் அதைத்தான் சொன்னாள். இடுப்பெலும்பு முறிந்திருப்பது திரையில் பளிச்சென்று தெரிந்தது.

"உன் மூஞ்சி ஒண்ணும் சொல்லல. அப்ப உடைஞ்சிருக்கு," என்றார் அவர்.

பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. டைம்கீப்பர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் மூளைக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து, சில வருடங்களுக்கு முன் போய்விட்டான். குழந்தை இல்லை. மகள் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். மகன் போன பிறகு, மருமகள் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. இரு என்று அவர் சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. காலையில் யார் முதலில் எழுந்தார்களோ அவர்கள் டீ போட்டார்கள். குடும்பம் அப்படியே ஓடியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் அவள் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில், வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தனியாக நடந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள். மத்தியானத்திலிருந்து என்றார். "சும்மா படுத்திருந்தேன். தரை நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு."

அவரைத் தூக்கி உட்கார வைத்து, நனைந்திருந்த வேட்டியை மாற்றிவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே அந்த வேலை முடிந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு அவராகவே பேச்சை எடுத்தார். இது இனிமேல் சரிப்பட்டு வராது, பகலில் ஆள் இருக்கிற இடமாக ஒன்று பார் என்றார். பார்க்கிறேன் மாமா என்றாள்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் போன் வந்தது. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், அண்ணன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று அழுதாள். அண்ணன் பெயரை இழுத்தபோதும் மருமகள் குரலை உயர்த்தவில்லை.

"அந்த நாலு பேருக்கும் ஒரு போன் போட்டு, யார் வீட்டுல வெச்சுக்கிறாங்கன்னு கேட்டு சொல்லுமா. நான் கொண்டு வந்து விட்டுடறேன்."

தன் வீட்டில் மாடிப்படி செங்குத்து என்பதையும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்பதையும் மகள் சொன்னாள். இரண்டும் உண்மைதான். மறுநாளிலிருந்து, இல்லங்களின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பத் தொடங்கினாள். எல்லாப் படத்திலும் நரைத்த தலைகள் பல் தெரியச் சிரித்தன.

மருமகள் வார விடுப்புகளை எல்லாம் இதற்கே ஒதுக்கினாள். தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நான்தானே அங்கே குப்பை கொட்டப் போகிறேன், நானும் வருவேன் என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பார்த்தது மகள் சிபாரிசு செய்த இடம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே மீன் தொட்டி, காலடி அமுங்குகிற கம்பளம். வரவேற்பில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஹோட்டல் அறை காட்டுவதுபோல் காட்டினாள். சோபாக்கள் மிகவும் தாழ்வாக இருந்தன; இடுப்பு உடைந்தவர் ஒரு தடவை உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். அங்கே வசிப்பவர்கள் ஒருவரையும் காணோம். எல்லோரும் ரெஸ்ட் எடுக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

டைம்கீப்பர் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே சுவரில் இருந்த அவசர மணிப் பொத்தானை அழுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே மருமகளும் வரவேற்புப் பெண்ணும் பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோய், மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவராகவே வெளியே வந்தார்.

"இதுக்குள்ள செத்திருந்தா உடம்பு சில்லுன்னு ஆயிருக்கும்," என்று மருமகளின் காதருகே சொன்னார்.

இரண்டாவது இடத்தில் மணியை அழுத்தியதும் ஓடி வந்தார்கள். ஆனால் வெயில் தாழ்வதற்கு முன்பே இரவுச் சாப்பாட்டைக் கொடுத்து, எல்லோரையும் படுக்க வைத்துத் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் குறைவு என்பதை மேற்பார்வையாளர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஒரு படுக்கையில் இருந்த பெரியவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வெளியே பட்டப்பகல்.

மூன்றாவது இடம், அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் பாதையிலேயே இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம். படிகளை இடித்துச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். நடைவழி முழுக்கச் சுவரோடு கைப்பிடிக் கம்பி. ஒரு பக்கம் டிவி அலறியது, இன்னொரு பக்கம் கேரம் விளையாடினார்கள். சமையலறை வாசலில் இரண்டு பெண்கள் பீன்ஸ் நறுக்கியபடி யாரையோ பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலையாட்கள் அல்ல, அங்கேயே வசிப்பவர்கள். மணியை அழுத்தியதும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு நர்ஸ் வந்து, சும்மா அழுத்திப் பார்த்தீர்களா, பரவாயில்லை, எல்லோரும் செய்வதுதான் என்றாள்.

மருமகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வெளியே வந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரே இரைச்சல், சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்றார். டெப்போவில் காலம் தள்ளியவருக்கு இரைச்சல் ஆகாது என்றால் அவளால் நம்ப முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு இடம் சொன்னார். வேறு ஊர். பஸ்ஸில் போய்ச் சேரவே அரை நாள் பிடிக்கும். அந்த ஊர்க் காற்று எலும்புக்கு நல்லது என்று வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னாராம். அங்கே நமக்கு ஒரு ஈ காக்கை தெரியாதே மாமா என்றாள். போய்ப் பார்க்கக் காசா கேட்கிறார்கள் என்றார்.

போய்ப் பார்த்தார்கள். அறையில் ஈர வாடை. குளியலறை வாசலில் ஒரு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பார்த்த மாத்திரத்தில் அந்த இடம் வேண்டாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவரோ எதற்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் மோசமில்லை என்றார். ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்றார். கழிப்பறைக்குள் போனவர் உடனே வெளியே வந்தார். மணியை அழுத்திப் பார்க்கவில்லை.

அவள்தான் உள்ளே போய் அழுத்தினாள். அது அடிக்கவே இல்லை.

"ரிப்பேரா இருக்கும். சரி பண்ணிடுவாங்க," என்றார் டைம்கீப்பர்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், அவரை உயரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தாள். டீயைக் கையில் எடுத்தபோதுதான் சாலையின் அந்தப் பக்கம் புதுப் பெயிண்ட் வாடை அடிக்காத குறையாக நின்ற கட்டடத்தைப் பார்த்தாள். அவளுடைய ஆஸ்பத்திரி திறந்திருக்கும் புதிய ஸ்கேன் சென்டர். அதற்குப் பொறுப்பாளராகப் போகச் சொல்லித்தான் சில மாதங்களுக்கு முன் தலைமை டெக்னீஷியன் அவளைக் கேட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் அவள் மறுத்துவிட்டாள். அதை வீட்டில் சொல்லவில்லை.

டீயைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா மாமா?"

அவர் சாலையைப் பார்த்தார். வார்டில் கிடந்தபோது தலைமை டெக்னீஷியன் வந்து விசாரித்தாராம். உங்களைத் தனியாக விட முடியாது என்று சொல்லி அருமையான வேலையை விட்டுவிட்டாள், தங்கமான பெண் என்று அவரிடமே புகழ்ந்துவிட்டுப் போனாராம்.

"என்னால உன் பிழைப்பு ஏன் கெடணும்? நான் இங்க வந்துட்டா நீயும் இங்க வந்துடலாம். பக்கத்துல இருந்த மாதிரியும் ஆச்சு, வேலையும் ஆச்சு. ஈரமெல்லாம் எனக்குப் பழகிடும்."

அவளுக்குக் கோபம் வந்தது. படி உள்ள குளியலறையில் மறுபடி விழுந்து சாகத் தயாராக இருந்திருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஆனால் கோபத்தைவிடக் கூச்சம் அதிகமாக இருந்தது.

"மாமா, அந்த வேலைய நான் விட்டதுக்கு நீங்க காரணம் இல்ல. உங்கள சாக்கு சொன்னேன். அவ்வளவுதான்."

"சாக்கா?"

"ஆமா. வயசானவர் இருக்கார்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

டைம்கீப்பர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடிபட்ட மாதிரிதான் இருந்தது அவர் முகம். அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டார்.

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"அங்க எம்.ஆர்.ஐ. மெஷின். குழாய்க்குள்ள ஒருத்தர படுக்க வெச்சுட்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கணும். உங்க பிள்ளைய அதுக்குள்ள விட்டப்போ நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். கூட இருந்தவங்க என்கிட்ட எதுவும் சொல்லல. எனக்குப் படம் பாக்கத் தெரியுமே. அந்த மெஷின் சத்தம் கேக்கற பக்கம் இன்னும் நான் போறதில்ல."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன விதத்தில் அழுகை எதுவும் இல்லை. டியூட்டி மாற்றிக் கொடுக்கும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். அவருடைய டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

"அப்ப நான் உனக்குப் பாரமா இல்லையா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "பாரம்தான் மாமா. ஆனா அது வேற விஷயம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வருகிறவரை சிரித்தார். இல்லவே இல்லை என்று நீ சொல்லியிருந்தால் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். ஊர் நெருங்கும்போது, அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் கேரம் போர்டு நல்ல போர்டுதானா, கவனித்தாயா என்று கேட்டார். அங்கே இடம் இன்னும் இருக்கிறதா என்று நாளைக்குக் கேட்கிறேன் என்றாள்.

இடம் இருந்தது. ஒரு பெட்டியும் அவருடைய தலையணையும் வாக்கருமாகப் போய்ச் சேர்ந்தார். அறையில் கூட இருந்தவர் ஒரு தையல்காரர். குறட்டை விடுவார். முதல் இரண்டு வாரம் அதைப் பற்றி மருமகளுக்குத் தினமும் போனில் புகார் வந்தது. பிறகு, தையல்காரர் கேரத்தில் ஏமாற்றுகிறார் என்ற புகார் வந்தது. குறட்டைப் பேச்சு நின்றுவிட்டது.

அவள் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று, வீட்டுக்குள் வந்து படுத்தவள் மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்ததும் மனது உறுத்தும் என்று எதிர்பார்த்தாள். உறுத்தவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் டியூட்டி முடிந்து போகும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். அலுப்பாக இருந்தால் இறங்காமலும் போனாள். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை.

பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் மகள் வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவதற்குத் தயாராக வந்திருந்தாள். அவர் ஆட்டத்தின் நடுவில் இருந்தார். உட்காரு, இந்த ஆட்டம் முடியட்டும் என்றார். ஆட்டம் முடிந்ததும் சமையலறை வாசல்வரை கூட்டிப்போய், பீன்ஸ் நறுக்குகிறவர்களிடம் இவள்தான் என் மகள் என்று காட்டினார். சாப்பாட்டு மணி அடித்ததும், நேரத்துக்குப் போகவில்லை என்றால் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இரு பெண்களும் வாசல் சரிவில் ஆட்டோவுக்காக நின்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கார், அண்ணி," என்றாள் மகள். குறை சொல்வதுபோல் இருந்தது.

"ஆமா."

லேசாகத் தூற ஆரம்பித்தது. மகள் தன் குடையை விரித்து, அண்ணியின் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

மருமகள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூக்கம் நல்லா வருது."