தெற்கே போன படகு

புயலடித்த அன்று நான் சேலையூர் வீட்டு மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "பைத்தியமா சரளா உனக்கு? தென்னை மட்டையெல்லாம் பறக்குது, எறங்கி வா" என்று கத்தினார். எனக்கு ஒரு பைத்தியமும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்கள் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் இடது கைப் பக்கம் இருக்கும். காலையில் என் இடது கை தென்கிழக்கைக் காட்டியது. மத்தியானம் தெற்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் தென்மேற்கு. புயல் நமக்குத் தெற்கே கரையேறிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து காப்பி குடித்தேன்.

என் தம்பி ஜெயவேலு கடலில் இருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் பிறந்த குப்பத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கத்தில் விழுந்து கிடந்த புளிய மரத்தைச் சுற்றிக்கொண்டு, சோழிங்கநல்லூரில் இறங்கி, கால்வாயைத் தோணியில் கடந்து போய்ச் சேர்ந்தேன். அழுகை வரும் வரும் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

ஜெயவேலுவோடு போன சிட்டிபாபு மட்டும் திரும்பி வந்திருந்தான். அலை தூக்கிப் போட்டதில் கட்டுமரம் பிரிந்து, ஒரு கட்டை தம்பியின் தலையில் அடித்துவிட்டதாம். மூச்சு நின்றுபோனதை இவனே மூக்கில் கைவைத்துப் பார்த்திருக்கிறான். உடம்பாவது கரை சேரட்டும் என்று அதே கட்டையோடு கயிற்றால் கட்டியிருக்கிறான். அந்த வழியாக வந்த விசைப்படகு இவனை ஏற்றிக்கொண்டது. கட்டையை இழுக்க அவர்களால் முடியவில்லை.

"கட்ட தெக்கதான் போச்சு டீச்சர்க்கா. என் கண்ணால பாத்தேன்" என்றான் சிட்டிபாபு. எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரிடமும் இதையே சொன்னான்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் வராவிட்டால், வாழைமரத் துண்டில் அவனுடைய கைலியைக் கட்டி, கற்பூரம் ஏற்றிக் கடலில் விடுவார்கள். அது போகிற பக்கம் தேடுவார்கள். புயல் ஓய்ந்து கடல் கொஞ்சம் அடங்கியதும் சுப்பராயலு சித்தப்பா விட்டார். ஜெயவேலுவின் பச்சைக் கட்டம் போட்ட கைலி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அது நேராகத் தெற்கே போனது.

"மாப்ள வழி காட்டிட்டான்" என்று கூட்டத்தில் ஒருவர் கும்பிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைய காற்று, இன்றைய நீரோட்டம். ஐப்பசி கார்த்திகையில் அது தெற்கேதான் போகும். தம்பியைக் கொண்டுபோனது இன்றைய காற்றா? சிட்டிபாபு பார்த்தது காலையில். அப்போது வாடைக்காற்று. அவன் படகேறிய பிறகுதான் காற்று திரும்பியது. மாடியில் நின்று கை நீட்டிப் பார்த்தவள் நான்.

ஜெயவேலுவின் மனைவி ரேணுகாம்பாள் வீட்டுக்குள் கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த பெண்கள் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு வந்தால்தான் தாலி இறங்கும். வரும்வரை போனவன் போனவன்தான், செத்தவன் இல்லை. நான் அவர்களை வெளியே போகச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நீ பள்ளிக்கூடத்துல இதான சொல்லிக் குடுக்கற."

சொன்னேன். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன், என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. வகுப்பில் ஒரு பெண்ணைப் பூகோள உருண்டையைச் சுற்றச் சொல்வேன். இன்னொருத்தி உச்சியிலிருந்து சாக்பீஸால் நேராகக் கீழே கோடு இழுப்பாள். அவள் நேராகத்தான் இழுப்பாள், உருண்டையில் விழுகிற கோடு வலது பக்கம் வளைந்துவிடும். பூமி சுற்றுவதால் நம் பக்கத்தில் காற்றும் தண்ணீரும் அப்படித்தான் வலது பக்கம் ஒதுங்கும். அன்று சாயங்காலம் காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. தண்ணீரை வடமேற்கே தள்ளும், தண்ணீர் அதற்கும் வலது பக்கம் போகும்.

"வலது பக்கம்னா?"

"வடக்கே. கரையை ஒட்டி. எண்ணூரைத் தாண்டியிருக்கும். பழவேற்காடு பக்கம் ஒதுங்கியிருப்பான்."

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டினாள். "அப்போ தெக்க தேடினா கெடைக்க மாட்டாரு?"

"மாட்டான்."

"சரி. சொல்லாதக்கா."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் வந்தது, அதுகூட தூரத்திலிருந்து வருவது போலத்தான் வந்தது. "அவன் என் தம்பி ரேணுகா. யாரோ ஊர் பேர் தெரியாதவங்க குழி வெட்டிப் போட்டுருவாங்க. எனக்கு அவன் மொகத்தைப் பாக்கணும்."

"நீ பாத்துட்டுத் தாம்பரம் பூடுவ. அப்பறம் இவுங்க என்னிய உக்கார வெச்சு வளையல ஒடைப்பாங்க." அவள் பொட்டு வைத்துக்கொண்டாள். "இப்போ அவரு கடல்ல கீறாரு. அங்கயே கீட்டும்."

கரையில் இன்ஜின் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்தேன், அவளும் கூடவே வந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் நடந்தேன். சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி திரும்பினார்.

"சரளா, நீ படிச்ச பொண்ணு. மகாபலிபுரம், சதுரங்கப்பட்டணம்னு தெக்கயே பாத்துகினு போறோம். சரிதான? இல்ல வேற எதுனா கீதா?"

வாயைத் திறந்தேன். ரேணுகாம்பாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தெக்கதான் மாமா. சிட்டிபாபு அண்ணன்தான் பாத்துச்சே" என்றாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அவளுடைய வளையல்கள் என் கைமேல் அழுந்தியிருந்தன, கண்ணாடி வளையல், சிவப்பு. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

படகு அலையைத் தாண்டித் தெற்கே திரும்பியது. கூட்டம் முழுக்கக் கையை நெற்றியில் வைத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் இன்னும் என் கையை விடவில்லை. வளையல் பதிந்த இடம் வலித்தது. இத்தனை நேரத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான், அதனால் நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் வடக்கே பார்த்தபடி நின்றோம்.