கிறுக்கல் அக்காவுக்குத் தெரியலை

அந்தத் தெருவில் டாக்டர்கள் ஐந்து பேர். ஐந்து பேர் கையெழுத்தும் ஐந்து விதமான அலங்கோலம். ஒருவர் எழுத்து மழையில் வெளியே வந்த மண்புழு மாதிரி நெளியும். இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டு, மிச்சத்தை ஒரே இழுப்பாக இழுத்து நோயாளியின் தலையெழுத்துக்கு விட்டுவிடுவார். இந்த ஐந்தையும் நின்ற நிலையில் படித்துவிடுகிற ஒரே ஆள், தெருமுனை மருந்துக்கடையில் முப்பத்திரண்டு வருடமாக நிற்கிற அக்காதான். அதனால் அவருக்குக் கிறுக்கல் அக்கா என்று பெயர். அவசரத்தில் சிலர் கிறுக்கு அக்கா என்று சொல்லிவிடுவதும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"தெரியலை" என்ற சொல் அக்காவின் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மருந்துக்கடைக்காரி தெரியலை என்றால் வந்தவனுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும் என்பார். நியாயம்தான். ஆனால் கிறுக்கலைப் படிப்பது முழுக்கக் கண்ணின் வேலை இல்லை. எந்த டாக்டர், வந்தவருக்கு என்ன வயது, போன மாதம் என்ன வாங்கினார், முகம் எப்படி வாடியிருக்கிறது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் மனம் ஒரு மருந்தின் பெயருக்கு வந்து சேரும். காகிதத்தில் பாதி இருந்தால் போதும், மீதியை அக்கா நிரப்பிக்கொள்வார். அதனால்தான் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தபோது, கடைசியாகத் தெரிந்துகொண்டவர் அவரே.

முதலில் தெரிந்துகொண்டவள் தம்பி மனைவி. தம்பி லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் மனைவி பத்து வருடமாக அக்காவோடு கடையில் நிற்கிறாள். அவளும் அக்காவைப் போலவே மருந்துப் படிப்பு படித்துச் சான்றிதழ் வாங்கியவள்தான். ஆனாலும் சீட்டைப் படிப்பது அக்காவின் வேலை. அவளுக்குக் கிடைத்தது பெட்டியைத் துடைப்பதும், அக்கா எடுத்து வைத்ததைக் காகிதப் பையில் போட்டுச் சீட்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுப்பதும். அதையும் அவள் பின்னால் இருக்கிற மேசைக்குக் கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற அமரச் செய்வாள்.

"ஒரு பின் அடிக்க ஒரு யுகமா?" என்று அக்கா தினமும் பத்துத் தடவையாவது கேட்பார். "ஆள் நிக்கிறாங்க பாரு. நீ பையை மூடுறதுக்குள்ள வியாதி தானாவே சரியாயிடும்."

"இதோ ஆச்சு, அண்ணி" என்பாள் அவள். நாத்தனாரிடம் அதற்கு மேல் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

அவள் நச்சரித்து நச்சரித்துத்தான் அக்கா கண் டாக்டரிடமே போனார். டாக்டர் புதுவகை லென்ஸ் ஒன்றைப் பற்றிச் சொன்னார். புரையை எடுத்துவிட்டு அதை உள்ளே வைத்த பிறகும் அதன் பவரைக் கூட்டிக் குறைக்கலாம். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே பிடி, அங்கே தளர்த்து என்று சொல்கிற மாதிரி, சில வாரம் பார்த்துப் பழகிய பிறகு ஒரு தனி விதமான வெளிச்சத்தைக் கண்ணுக்குள் ஒன்றரை நிமிடம் காட்டுவார்கள், லென்ஸ் கொஞ்சம் மாறும். போதும் என்று தோன்றியதும் கடைசியாக ஒரு வெளிச்சம். அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்டிய பிறகு அந்த லென்ஸ் அப்படியேதான், யார் நினைத்தாலும் மாறாது.

"எந்தத் தூரம் உங்களுக்கு ரொம்ப முக்கியம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு முழம்" என்றார் அக்கா. சீட்டைக் கையில் பிடிக்கிற தூரம்.

அங்கே கண்ணைச் சோதிக்கிற பெண் அளவு நாடாவை எடுத்து அக்காவின் முழங்கையையே அளந்து குறித்துக்கொண்டாள். அந்த அக்கறை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆபரேஷன் முடிந்தது. பூட்டுகிற வரைக்கும் வெயிலின் வெளிச்சம் லென்ஸைத் தொடக்கூடாது என்று, கண்ணை முழுக்க மூடுகிற ஒரு கண்ணாடியை எழுந்ததிலிருந்து படுக்கிற வரை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். அக்காவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது, சுவரில் வெள்ளை அடித்தது வெள்ளையாகவே தெரிந்தது. இத்தனை நாள் அதை மஞ்சள் என்று நினைத்து, கடைச் சொந்தக்காரரின் ரசனையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளிச்சம் காட்டுகிற நாட்கள் இரண்டு முடிந்தன. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் ஒரு அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ஒரு சின்னக் கதை, வரி இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். அக்கா கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தார். தடுமாறவில்லை.

"சின்னப் பசங்க கூட இந்த வரியில திணறுவாங்க" என்று அவள் வியந்தாள். "சூப்பருங்க அக்கா. நாளைக் கழிச்சு வாங்க, பூட்டிடலாம்."

அக்கா வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தார். கிறுக்கலைப் படிக்கிறவருக்கு அச்செழுத்து எம்மாத்திரம்! கடைசி வரியில் பாதிச் சொல் புகையாக இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. மனம் அதை நிரப்பிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. பழக்கதோஷம்.

பூட்டுவதற்கு முந்தின நாள், மதிய நேரம். தையல்கடைக்காரர் அவருடைய அம்மாவுக்கு இதய மாத்திரை வாங்க வந்தார். சீட்டு புதிது. அவர் அதை நீட்டியபோது தம்பி மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள். அக்கா பார்த்தார், திரும்பினார், பெட்டியை எடுத்தார். புதுக்கண் கொடுத்த தெம்பு, தானே பையில் போட்டுத் தானே பின்னும் அடித்தார்.

"பாத்தியா, இவ்வளவுதான் நேரம்" என்று தம்பி மனைவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பையை நீட்டினார். தையல்கடைக்காரர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தம்பி மனைவி அலமாரியில் காலியாக நின்ற இடத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி துணியைப் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், தெருவில் இறங்கி ஓடினாள். பத்து வருடத்தில் அவள் ஓடி அக்கா பார்த்ததில்லை.

திரும்பி வந்தவளின் கையில் அந்தப் பை இருந்தது. பின்னால் தையல்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் வந்து நின்றார். அவள் பையைப் பிரித்து, பெட்டியை மாற்றி, மறுபடி பின் அடித்து, "விலை ஒட்டினதுல ஒரு சின்னக் குழப்பம், மன்னிச்சுக்கோங்க" என்று சிரித்து அவரை அனுப்பினாள். சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ணினே?" என்றார் அக்கா.

"ரெண்டரை மில்லிகிராம் அண்ணி. நீங்க இருபத்தஞ்சு குடுத்துட்டீங்க."

"இருபத்தஞ்சுதான் போட்டிருக்கு."

"நடுவுல புள்ளி இருக்கு."

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு முழத் தூரத்தில் பிடித்தார். நீட்டினார், கிட்டே கொண்டுவந்தார். இரண்டு, ஐந்து. நடுவில் வெறும் காகிதம். அவள் விரலை வைத்துக் காட்டினாள், அப்போதும் காகிதம்தான். காலாவதித் தேதி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தபோது, எறும்பு முட்டை அளவுக்கு ஒரு புள்ளி, சாவதானமாக உட்கார்ந்திருந்தது.

மருந்தின் பெயரை ஊகிக்கலாம். எத்தனை வேளை என்று ஊகிக்கலாம். புள்ளியை ஊகிக்க முடியாது. அந்தக் கிழவி பத்து மடங்கு மருந்தை இன்று சாயங்காலம் விழுங்கியிருப்பாள், மகன் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்திருப்பார். அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், அலமாரியில் காலி இடத்தைப் பார்த்தே இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

"நீ சீட்டைப் படிக்கிறியா?"

அவள் துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பின் அடிக்கிறேன்னு பின்னாடி போயி, படிச்சுப் பாத்துட்டுத்தான் மூடுறியா?"

"விடுங்க அண்ணி."

"எத்தனை தடவை மாத்தியிருக்கே?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்..."

"எத்தனை தடவைன்னு கேட்டேன்."

"இந்த வருஷம் பதினொண்ணு" என்றாள் அவள், பெட்டியைத் துடைத்துக்கொண்டே. "இன்னையோட பன்னெண்டு. ஆபரேஷனுக்கு அப்புறம் குறைஞ்சுது. ஆனா நிக்கலை."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். அது வந்த வேகத்தில் போய்விட்டது. அப்புறம் வந்தது வெட்கம், அது போகிறதாக இல்லை. ஒரு யுகமா, ஒரு யுகமா என்று ஆயிரம் தடவை கேட்டாரே, அந்த யுகத்தில்தான் இந்தப் பெண் பதினொரு பேரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லலை?"

"நாத்தனார்கிட்டப் போயி நீங்க தப்பு பண்றீங்கன்னு எந்தத் தம்பி பொண்டாட்டி சொல்லுவா? சொன்னா நீங்களும் நம்பியிருக்க மாட்டீங்க. கண்ணைக் காட்டுங்கன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சுது." அவள் துணியை மடித்து வைத்தாள். "போகட்டும், கிட்டப் பாக்க ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா சரியாயிடும் அண்ணி."

"தெரியலைன்னு தெரிஞ்சாத்தானே போடுவேன்" என்றார் அக்கா. "எனக்குத்தான் எல்லாம் தெரியுதே. நாளைக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிப் பூட்டி அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் நீ சொன்னாலும் கேக்க மாட்டேன், டாக்டரே சொல்லிட்டாருன்னுவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை, சோதிக்கிற பெண் அதே சிரிப்போடு அதே அட்டையை நீட்டினாள். அக்கா வாங்கினார். கடைசி வரிக்குப் போனார். வாய் தானாகத் திறந்தது, சொற்கள் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அவற்றை விழுங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"தெரியலை" என்றார்.

"என்ன அக்கா தெரியலை? என்ன பண்ணணும்னா? அந்த வரியை வாசிக்கணும், அவ்வளவுதான்."

"என்ன பண்ணணும்னு தெரியுதும்மா. எழுத்துத் தெரியலை."

அவள் சிரிப்பு நின்றது. "போன தடவை வாசிச்சீங்களே?"

"வாசிக்கலை. ஊகிச்சேன். மருந்துக்கடை ஆளு நான், பாதி எழுத்து இருந்தாப் போதும் எனக்கு. உங்க கதையில அடுத்து என்ன வரும்னு பச்சைக் குழந்தை கூடச் சொல்லும்." அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "அர்த்தமில்லாம ஏதாவது எழுதிக் குடு. எண்ணு எழுது. சிலதுக்கு நடுவுல புள்ளி வை, சிலதுக்கு வைக்காதே. எதுக்கு வெச்சேன்னு சொல்லாதே."

அவள் ஒரு வெள்ளைத்தாளில் மெல்லிய பேனாவால் இருபது எண் எழுதினாள். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏழு இடத்தில் "தெரியலை" என்றார். முதல் தடவை சொல் வெளியே வர நேரம் பிடித்தது. ஏழாவது தடவை சாதாரணமாக வந்தது. ஊகித்திருந்தால் இருபதும் சரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தார்.

"பூட்டுறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது போதும்" என்றார் அவர். "இடது கண்ணைக் கொஞ்சம் கிட்டத்துக்குக் கொண்டுவரலாம். வலது கண்ணு தூரத்தைப் பாத்துக்கும்."

அன்றைக்குப் பூட்டவில்லை. இடது கண்ணுக்கு இன்னொரு வெளிச்சம் காட்டி அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து அந்தப் பெண் வேறு இருபது எண் எழுதிக் கொடுத்தாள். புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் அக்கா அதைக் கண்டார், இல்லாத இடத்தில் இல்லை என்றார். இருபதும் சரி. அதன் பிறகுதான் பூட்டினார்கள். கண்ணை மூடுகிற கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அக்கா நேராகக் கடைக்கு வந்தார்.

கடையில் ஒரு அம்மா சீட்டோடு காத்திருந்தார். ஒரே இழுப்பாக இழுக்கிற டாக்டரின் சீட்டு. அக்கா அதை ஒரு முழத் தூரத்தில் பிடித்தார். பேனா எங்கே தொட்டது, எங்கே வழுக்கியது, மை எங்கே தீர்ந்தது, எல்லாம் தெரிந்தது. காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். தம்பி மனைவி பெட்டி துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன அண்ணி, தெரியலையா?"

"நல்லாத் தெரியுது" என்றார் அக்கா. "என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியலை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தொலைபேசியை எடுத்து, முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்த டாக்டரின் எண்ணை அழுத்தினார். டாக்டரும் முதலில் கொஞ்சம் திணறிவிட்டுத்தான் சொன்னார். அக்கா மருந்தின் பெயரையும் பலத்தையும் சீட்டின் ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, புள்ளியை அழுத்தி வைத்தார். பெட்டியை எடுத்தார். பெட்டியையும் சீட்டையும் சேர்த்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தார்.

அவள் வழக்கம்போலப் பின் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"இங்கேயே என் முன்னாடி நின்னு படி" என்றார் அக்கா. "அப்புறம் பின் அடிக்கலாம். ஒரு யுகம் ஆனாலும் பரவாயில்லை."