பிஸ்கட் யார் வீட்டு நாய்?

போன வருஷம் கறிக்கடை முக்கில் நாய்கள் சுற்றி வளைத்து என் மகள் ஆலியாவைக் கடித்துவிட்டன. அதிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே வாசல்படியில் உட்கார்ந்து அலறுவாள். அவள் அத்தா மஸ்கட்டில் இருந்துகொண்டு ஃபோனில் புத்தி சொல்வார். அவருக்கென்ன, இழுத்துக்கொண்டு போகிறவள் நானல்லவா!

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு செவலை நாய் எங்கள் பின்னாலேயே வந்தது. முக்கில் மற்ற நாய்கள் குரைத்ததும் பாய்ந்துபோய் விரட்டியது. அன்றோடு பிள்ளையின் அழுகை நின்றது. பிஸ்கட் என்று பேரும் வைத்துவிட்டாள். காலையில் அது கூடவே வரும், சாயந்திரம் பள்ளிக்கூட வாசலில் வந்து காத்திருக்கும்.

வீட்டுக்குள் மட்டும் நான் சேர்க்கவில்லை. நாய் எச்சில் நஜீஸ், பட்டாலே அசுத்தம். மாமியார் ஐந்து வேளையும் தொழுகிற வீடு. கழுத்தில் பட்டை கட்டினால் நாய் வளர்க்கிறோம் என்றாகிவிடுமே என்று அதையும் கட்டவில்லை. மிஞ்சின சோற்றைத் தெருவில் வைப்பதோடு சரி.

நேற்று சாயந்திரம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போனால், வாசலில் நாய் பிடிக்கிற வண்டி. வலைக்குள் பிஸ்கட்.

"ஸ்கூல் பக்கம் தெருநாய் இருக்கக் கூடாதுன்னு ஆர்டர். ஏத்துனா காப்பகம்தான், திரும்ப இங்க விடமாட்டோம். வீட்டு நாய்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார் வண்டிக்காரர்.

சுற்றிலும் எங்கள் தெருப் பெண்கள். என் நாத்தனார் ரஷீதா சிரித்தாள். "என்ன மச்சி, உங்க பின்னாடிதானே சுத்தும்?"

"எங்க நாய் இல்லைங்க. நாங்க நாயெல்லாம் வளக்க மாட்டோம்."

பாழாய்ப்போன வாய்! யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது.

"ஏம்மா பொய் சொல்ற?" அதற்குள் பக்கத்தில் வந்திருந்த ஆலியா என் கையை உதறினாள்.

"ஐயா, எங்க நாய்தாங்க. தெரியாம சொல்லிட்டேன், விட்டுடுங்க."

"பாப்பா சொல்லுதுன்னு மாத்திப் பேசாதீங்கம்மா. பட்டை எங்க? ஊசி போட்ட சீட்டு எங்க?"

தலைமை ஆசிரியை லிசி டீச்சரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"பாவமாத்தான் இருக்கு வஹீதா. நாளைக்கு இது ஒரு பிள்ளையக் கடிச்சா யாரு பதில் சொல்றது?"

கடிபட்ட பிள்ளையைப் பெற்றவள் நான். டீச்சரின் கையை விட்டுவிட்டேன்.

வண்டி கிளம்பியது. ஆலியா அழவில்லை. "இனிமே நான் ஸ்கூலுக்கு வரலம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிள்ளையை டீச்சரிடம் விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். பர்தா காலைத் தடுக்கியது. செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது. பள்ளிவாசல் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

"எங்க நாய்ங்க! எங்க வீட்டு நாய்ங்க! நிறுத்துங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. வண்டிக்காரருக்கு மட்டும் கேட்கவில்லை.