கல்வாசலுக்கு மூன்று கிலோமீட்டர்

நூறு பக்கத்துக்குள் நாட்டையே அடக்கிவிட வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதற்குக் காசா, பணமா? வடக்கே பனிமலை, தெற்கே கடற்கரை, நடுவே ஏரிகள், மேற்கே பாலைவனம். ரயிலில் குறுக்கே போனால் மூன்று நாள் ஆகும். அப்பேர்ப்பட்ட நாட்டை, பதிப்பகத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தே அவள் சுற்றி முடித்தாள். அருவியில் நனைந்தது, கலங்கரை விளக்கத்தில் ஏறியது எல்லாம் நாற்காலியில்தான். அந்தச் சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம் வெளியான இரண்டே மாதத்தில் சக்கைப்போடு போட்டது.

இரண்டாம் பதிப்புக்குப் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வரைபடக்காரர், அன்று பதினொன்றரை மணிக்கு அவள் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மேடம், பாலைவன விடுதியிலிருந்து கல்வாசலுக்கு மூணு கிலோமீட்டர்னு போட்டிருக்கீங்க. எப்படி அளந்தீங்க?"

"உங்க படத்து மேல நூல் வச்சுத்தான். மூணு சென்டிமீட்டர் வந்துச்சு. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்."

"அந்த அளவு ஏரிப் படத்துக்கு. பாலைவனம் அவ்வளவு பெருசு, ஒரே பக்கத்துல அடங்கணும்னு சுருக்கிப் போட்டேனே. இங்க ஒரு சென்டிமீட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர்."

போக பதினைந்து, வர பதினைந்து. வழியில் ஒரு மரம் கிடையாது. இவளோ, பாறை நடுவில் ஓட்டை விழுந்து வாசல்போல் நிற்கும் அந்த அதிசயத்தைப் பற்றி, 'காலாற நடந்து போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும்' என்று எழுதி வைத்திருந்தாள். தண்ணீர்க் கணக்கை அவளிடம் யாரும் கேட்கவில்லை. வாக்கியம் நன்றாக முடியட்டும் என்று தானாகச் சேர்த்தது.

அக்காவும் மாமாவும் ஆறு வயது மகளும் அந்த விடுதியில்தான் தங்கியிருந்தார்கள். "நாளைக்குக் காலைல உன் கல்வாசல்தான்டி" என்று அக்கா நேற்றுதான் போனில் பூரித்திருந்தாள்.

அக்காவின் போன் அணைந்திருந்தது. மாமாவின் போனும் அப்படியே. விடுதிக்கு அடித்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவசரத்தில் ஒருமுறை தப்பான எண்ணை அழுத்தி, யாரோ ஒருவரிடம் திட்டும் வாங்கினாள். வரைபடக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவளால் அதைத் தொட முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? தன் கையை வெட்டிப் போட்டாலும் தகும் என்று இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"என்னடி, பதினேழு தடவை கூப்பிட்டிருக்கே? ராத்திரி கரண்ட் இல்ல, இப்பத்தான் சார்ஜ் ஏறுச்சு."

"எங்கக்கா இருக்கே? பாப்பா எங்க?"

"ரூம்லதான். பாப்பாவுக்கு லேசா காய்ச்சல், அதான் எங்கேயும் போகல. உங்க மாமா குறட்டை விட்டுக்கிட்டிருக்கார்."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேவிட்டாள். வரைபடக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குடி அழறே? கல்வாசல் எங்கயும் ஓடிடாது, நாளைக்குப் போனாப் போச்சு. நாங்க போகலைன்னா என்ன, பக்கத்து ரூம் அம்மாவும் ஐயாவும் போயிருக்காங்க. அறுபதைத் தாண்டினவங்க. அவ்வளவு தூரம் நடக்க முடியுமான்னு தயங்கினாங்க. நான்தான் உன் புத்தகத்தைக் கையில குடுத்து, என் தங்கச்சி எழுதினது, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொல்லி அனுப்பினேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"எப்பக்கா கிளம்பினாங்க?"

"ஏழு மணி இருக்கும். சாப்பாட்டுக்கு வந்துடறோம்னாங்க, இன்னும் காணோம்."

"அக்கா, மாமாவை எழுப்பு. ஜீப் வச்சிருக்கிறவங்க யாராயிருந்தாலும் கையில கால்ல விழுந்து கூட்டிக்கிட்டு உடனே கிளம்பச் சொல்லு. தண்ணி நிறைய எடுத்துக்கச் சொல்லு."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"தூரத்தைத் தப்பா எழுதிட்டேன்க்கா."

அக்கா போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது.