முகத்துக்கு வந்த மாவு

மூன்றாவது மாதமும் கேசர் வெறுங்கையோடுதான் திரும்பி வந்தாள்.

“சத்துமாவு லாரியே வரலையாம் அண்ணி. சந்த்ரா சொல்றா,” என்று வாசலில் செருப்பை உதறினாள். ஏழு மாத வயிறு. மூச்சு வாங்கியது.

முற்றத்துக் கட்டிலில் மாமனார் இருந்ததால் மன்பரி முக்காட்டுக்குள்ளேயே பல்லைக் கடித்தாள். “லாரி வரலையா? அந்த அங்கன்வாடிக்காரியோட எருமையப் பாத்தீங்களா பாயிசா? கொழுத்துப் போய்க் கிடக்கு. எம்புள்ள கோமிய எடை போட்டா முள்ளு சிவப்புலயே நிக்குது!”

நாத்தனார் வயதில் சின்னவளாக இருந்தாலும் ‘பாயிசா’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாந்தாவாஸ் ஊரில் மருமகள்களுக்கு அது விதி.

“நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றாள் கேசர். “அவதான் திருடி. வேற யாரு?”

ஒரு நடை போய் அந்தச் சந்த்ராவை நாலு வார்த்தை கேட்டுவிடலாம்தான். ஆனால் மன்பரியின் வாய்க்கு ஒரு பூட்டு இருந்தது. கோமி அவள் வயிற்றில் இருந்தபோது, மாவு வாங்க முகத்தைப் பதிய வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். போனைப் பிடித்திருந்தவன் ஹஜாரி. கணவனுக்கு அண்ணன் முறை, அவளுக்கு மூத்தார். வாசலில் மாமனார் வேறு. இவர்கள் முன்னால் எந்த மருமகள் முக்காட்டை எடுப்பாள்? மாமியார்தான் வழி சொன்னாள்: “கேசர், நீ போய் உக்காரு. முகம்தானே? மெஷினுக்கு எந்த முகமா இருந்தா என்ன?” கேசர் அந்த ஊரிலேயே பிறந்த பெண், அங்கே அவளுக்கு முக்காடு கிடையாது. அவள் உட்கார்ந்தாள், கண்ணைச் சிமிட்டினாள், போன் ஏற்றுக்கொண்டது. பெயர் மன்பரி, முகம் கேசர். பாதி ஊரில் இதே கூத்துதான்.

அன்றிலிருந்து மாவு வாங்கப் போவது கேசர்தான். கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பிறகும் மாதம் ஒரு முறை வந்து சிமிட்டிவிட்டுப் போவாள். இப்போது பிரசவத்துக்கே வந்துவிட்டாள். சந்த்ராவுக்கு எல்லாம் தெரியும். அவளோடு சண்டைக்குப் போனால் மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிடுவாளே என்ற பயத்தில்தான் மன்பரி இரண்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் பிள்ளை நாளுக்கு நாள் சுருங்குகிறது. பெற்றவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

மறுநாள் சாணி அள்ளப் போகிற சாக்கில் சந்த்ராவின் மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்து, எருமையின் தொட்டியில் கையை விட்டுத் துழாவினாள்.

“என்ன பொண்ணே, எங்க எருமை சாப்பிட்ட மிச்சம் வேணுமா?”

திரும்பினால் இடுப்பில் கை வைத்தபடி சந்த்ரா. மன்பரிக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

“எம்புள்ள மாவு எங்க?”

“தவிடும் புண்ணாக்கும்தான் இருக்கு, நல்லா மோந்து பாரு. உன் மாவா? நேத்துதானே கேசர் சிமிட்டினா, போன்ல பச்சை விழுந்துது, முந்தானையில கட்டிக்கிட்டுப் போனா? போன மாசமும் போனா, அதுக்கு முந்தின மாசமும் போனா. என்கிட்ட வந்து கேக்கறியே!”

“பொய்!”

“பொய்யின்னா உன் முகத்தைக் கொண்டாந்து காட்டி வாங்கிக்க. அதுவும் முடியாதே!”

திருடி தப்பிப்பதற்கு இன்னொருத்தி தலையில் பழி போடுகிறாள் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அன்று முழுக்க கேசரை ஓரக்கண்ணால் பார்த்தாள். கேசர் முன்பு போல் இரண்டாவது கம்பு ரொட்டி கேட்கவில்லை. மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் மெல்ல எழுந்து பின்கட்டுக்குப் போனாள். மன்பரி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொலுசு சத்தம் கேட்காமல் பின்னாலேயே போனாள்.

வறட்டிக் குவியலுக்குப் பின்னால் கேசர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பாக்கெட். வெறும் மாவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு மேல் மாவு மீசை.

“கேசர்!”

மருமகளாய் வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஐயோ, இவளுக்காக நேற்றுகூடத் தன் பங்கு மோரை எடுத்து வைத்தாளே!

“அடிப்பாவி, சந்த்ராவத் திருடின்னு நீதானே சொன்ன? எம்புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே எப்படி உனக்குத் தொண்டையில எறங்குச்சு?”

கேசர் அழவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

“என்னக் கட்டிக்குடுத்த ஊரு அங்கன்வாடிக்கு மூணு தடவ போனேன். போன்ல முகத்தைக் காட்டினா, ‘இது மன்பரி, சாந்தாவாஸ்’ங்குது. ரெண்டு எடத்துல திங்கப் பாக்கறா, ஏமாத்துக்காரின்னு எல்லார் முன்னாடியும் வெரட்டி விட்டாங்க. என் மாமியா இன்னமும் அதச் சொல்லிச் சிரிக்கறா. என் வயித்துல இருக்கறதுக்கு எவ தருவா அண்ணி? என் முகத்துக்கு வந்துது, நான் தின்னேன்.”

“சொல்லித் தொலைக்கறதுதானே?”

“சொன்னா மாத்தணும்னு சொல்லுவ. மாத்தறதுன்னா நீ முக்காட்ட எடுக்கணும். எங்கப்பா விடுவாரா?”

மன்பரி ஓங்கிய கையை இறக்கினாள். பிள்ளை கேசரின் மடியைப் பார்த்துக் கையை நீட்டியது.

அடுத்த பதிவு நாளில் பஞ்சாயத்து ஆபீசில் அதே ஹஜாரி, அதே போன். விஷயம் கேள்விப்பட்டு மாமனார் வாசலில் வந்து நின்றிருந்தார். மன்பரி கேசரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பழைய முகத்தை எடுக்க கேசர் ஒரு முறை சிமிட்டினாள். பிறகு மன்பரி உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்துப் பின்னால் தள்ளினாள்.

ஹஜாரிக்குத்தான் வியர்த்துவிட்டது. தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்க்கலாமா? சுவரைப் பார்த்தபடி போனை நீட்டினான். போன் கூரையைப் படம் பிடித்தது.

“மூத்தாரே, கொஞ்சம் கீழ எறக்குங்க,” என்றாள் மன்பரி. “முகம் இங்க இருக்கு.”

கேசர் களுக்கென்று சிரித்துவிட்டாள். வாசலில் நின்றிருந்த மாமனாரின் தடி மட்டும் டக் டக் என்று தெருவில் தூரமாகப் போவது கேட்டது. வீட்டில் என்ன காத்திருக்கிறதோ! இருந்தாலும் மன்பரி கண்ணைச் சிமிட்டினாள். பச்சை விழுந்தது.

சந்த்ரா தந்த பாக்கெட்டை வழியில் கேசர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மன்பரி கொடுக்கவில்லை. வீடு வரை தானே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். அடுப்பு மூட்டி, வெல்லம் போட்டுக் கிண்டி, ஆற வைத்து முதலில் கோமிக்கு ஊட்டினாள். வயிறு நிறையும் வரைக்கும் ஊட்டினாள்.

பிறகு பாத்திரத்தில் மீதமிருந்ததை வழித்து ஒரு தட்டில் போட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த கேசர் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிடு,” என்றாள். “இது என் முகத்துக்கு வந்தது.”