எடிட்டர் மேல் தப்பில்லை

சம்பங்கியின் மண்டையில் முதலில் விழுந்தது பிளாஸ்டிக் குடம். காலிக் குடம் என்பதால் அவன் சிரித்தான். அடுத்து விழுந்தது அலுமினியக் குண்டான். அதற்கு அவன் சிரிக்கவில்லை. டேங்கர் கேபினுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தபடி போனைப் பார்த்தான். மெசேஜ் வரவில்லை.

பேத்தமங்களா பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு வந்த டேங்கர், கோலார் தங்கச் சுரங்கப் பகுதியின் பாலகாட் முச்சந்தியில் காலையிலிருந்து நிற்கிறது. இடப்பக்கம் திரும்பினால் மேல் லைன், வலப்பக்கம் கீழ் லைன். சுரங்கத் தொழிலாளர்களின் பழைய வீட்டு வரிசைகளான இரண்டிலும் குழாயில் காற்று மட்டும்தான் வருகிறது.

"எந்த லைனுக்குன்னு கம்ப்யூட்டரு சொல்லணும்மா," என்று கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிச் சொன்னான் சம்பங்கி. "அது சொல்லாம வால்வைத் தொறந்தா தலைவரு கைய ஒடச்சிடுவாரு."

"அவரு கைய மட்டுந்தான் ஒடப்பாரு," என்றாள் கீழ் லைன் மாலா. சொல்லிவிட்டு டேங்கரின் பக்கக் கண்ணாடியை இரும்புக் காம்போடு பிடுங்கி, அதாலேயே ஜன்னலை உடைத்தாள். அதைப் பார்த்த மேல் லைன்காரர்கள், தங்கள் முறைத் தண்ணீரை அவள் அபகரிக்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். முச்சந்தியில் சைக்கிள் செயின் சுழல ஆரம்பித்தது.

தலைவர் என்பது டேங்கரின் சொந்தக்காரர் பிரதாப். மூடிய சுரங்கத்தின் பழைய இரும்பில் தொழில் தொடங்கி, போட்டிக்கு வந்த நாலு பேரை வெட்டிச் சாய்த்து, வெட்ட ஆள் தீர்ந்துபோனதும் சமூக சேவைக்கு வந்தவர். 'தண்ணீர்த் தளபதி' என்ற பட்டத்தை மக்கள் தனக்குக் கொடுத்ததாகச் சொல்வார். மக்கள் எப்போது கூடிக் கொடுத்தார்கள் என்று கேட்ட ஒருவருக்கு இப்போதும் இடது காது கேட்காது.

கம்ப்யூட்டர் என்பது எழிலன். கீழ் லைன் சாரதாவின் ஒரே பிள்ளை. தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் மென்பொருள் எழுதுகிறவன். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் எடிட்டர் என்று ஒன்று இருக்கும். தட்டெழுதும் சிலேட்டு மாதிரி. எழிலனுடைய எடிட்டருக்குள், திறந்த பிராக்கெட்டையெல்லாம் மூடினால்தான் ஓடும் ஒரு குட்டி மொழியும் இருந்தது. எடிட்டரை அவரவர் வசதிக்கு வளைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தது. எழிலன் அதை வைத்து உலகத்தை வளைக்கத் தொடங்கினான். கடிதம், நாள்காட்டி, மின்கட்டணம், அம்மாவின் மாத்திரை நேரம் எல்லாம் அதற்குள்ளேயே ஓடின. கடைசியில் டேங்கரையும் அதற்குள் விட்டான்.

தண்ணீர் வேண்டுகிறவர்கள் ஒரு நம்பருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எல்லாச் செய்தியும் வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் ஒரே கோப்பில் சேரும். எடிட்டர் அந்தக் கோப்பைத் திறந்து, யார் முறை என்று பார்த்து, சம்பங்கிக்குச் சொல்லும்.

"பைத்தான் மாதிரி வேற மொழில எழுதி ஒரு சர்வர்ல போடு எழிலா," என்று ஆபீசில் கூட வேலை பார்க்கும் இந்து சொன்னாள். "எடிட்டர்னா எதிர்ல மனுஷன் குந்திக்கினு இருக்கான்னு நெனைக்கும். ஏதாவது கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கினே இருக்கும்."

"சிலருக்குத்தான் இதோட அருமை தெரியும்," என்றான் எழிலன். தொடக்க விழாவிலும் இதையே சொன்னான். ஒரு வார்த்தையும் புரியாததால் பலமாகக் கை தட்டினார்கள். பிரதாப் சால்வை போர்த்தினார்.

சாயங்கால ரயிலில் எழிலன் இறங்கியபோது பிளாட்பாரத்திலேயே சால்வைக்குப் பதிலாகக் கழுத்தில் துண்டு விழுந்தது. துண்டை முறுக்கி இழுத்துக்கொண்டு போனார்கள் பிரதாப்பின் ஆட்கள் இருவர். வழியில் முச்சந்தியைக் காட்டினார்கள். ஒருவனுக்குக் காதில் பாதி இல்லை. ஒரு கிழவர் பல்செட்டைத் தேடித் தவழ்ந்துகொண்டிருந்தார். டேங்கரின் அடியில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் பிரதாப் நின்றார். பின்னால் மாலா, கையில் அந்தக் கண்ணாடிக் காம்பு. உள்ளே போனதும் பிரதாப் எழிலனின் வலது கையை மேஜைமேல் வைத்து, காரணம் கேட்பதற்கு முன்னால் சுண்டுவிரலை முறித்தார். அவருக்கு எதற்கும் ஒரு முன்னுரை வேண்டும்.

"அய்யோ, எம் புள்ள!" என்று சாரதா பாய்ந்தாள். ஒருவன் அவளை அரிசி டின்மேல் தள்ளினான்.

எழிலன் அலறிவிட்டுத் திரையைப் பார்த்தான். திரையின் அடியில் ஒரே ஒரு வரி, காலையிலிருந்து மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது: கோப்பு மிகப் பெரிதாக இருக்கிறது, நிஜமாகவே திறக்கட்டுமா?

இடது கையால் 'ஆம்' என்பதற்கான ஒரே ஒரு எழுத்தைத் தட்டினான். நிரல் ஓடியது. மெசேஜ் போனது.

"கீழ் லைன்," என்று படித்தான்.

வாசலில் நின்ற கூட்டம் டேங்கரை நோக்கி ஓடியது. மாலா ஓடவில்லை. "ஒரு எழுத்துக்காடா எங்க ஆளுங்க மண்டைய ஒடச்சிக்கினாங்க? அந்தக் கோப்பு ஏன் அவ்ளோ பெரிசாச்சு?"

கோப்பு இப்போது திரையில் திறந்திருந்தது. படம் வந்தால் அதையும் எழுத்தாக மாற்றி உள்ளே போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தான் எழிலன். தண்ணீர் கேட்டவர்கள் ஒரு வரி, இரண்டு வரி. நடுவே ஆயிரமாயிரம் வரிகளுக்கு அர்த்தமில்லாத எழுத்து மலைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே தலைப்பு: தண்ணீர்த் தளபதி பிறந்தநாள் போஸ்டர். அனுப்பிய நம்பர் பிரதாப்புடையது. ஊருக்கே அனுப்புகிறவர் தண்ணீர் நம்பரை மட்டும் விடுவாரா?

பிரதாப்பும் தன் பட்டத்தைப் பார்த்துவிட்டார். எழிலனின் காதருகே குனிந்தார். "தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. நான் வெச்ச எடிட்டரு குப்பை, அதான் நின்னுச்சின்னு. கைல இன்னும் ஒம்பது கீது."

எழிலனுக்கு அது சுலபமான கணக்குதான். வாயைத் திறந்தான். 'எடிட்டரு' என்பது வரை வந்தது. அடுத்த சொல் வரவில்லை.

"எடிட்டர் மேல தப்பில்ல," என்றான்.

மோதிரவிரல் முறிந்தது.

"குப்பைன்னு சொல்லேன்டா, பாழாப்போறவனே!" என்று அரிசிக்கு நடுவிலிருந்து கத்தினாள் சாரதா. "வெறும் சாப்ட்வேரு தானேடா!"

"முறைப்படி கேட்டிருக்கும்மா," என்று அழுதான் எழிலன். "பெரிய கோப்புன்னா கேக்கணும். அதுதான் சரி. இவரு மூஞ்சிதான் பெரிசு! எல்லாம் இவரு போஸ்டரு!"

நடுவிரலும் முறிந்தது. அதோடு மாலா கண்ணாடிக் காம்பை ஓங்கிப் பிரதாப்பின் வாயில் இறக்கினாள். தளபதி மேஜைமேல் சாய்ந்து, சரிந்து, தரையில் இரண்டு பற்களைத் துப்பினார். அவருடைய ஆட்கள் அவரைத் தூக்க முன்வரவில்லை. இருவருமே கீழ் லைன் பையன்கள். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து எழிலன் கட்டோடு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னான். வலது கை பயன்படாது; பிரதாப்பின் ஆட்கள் பிடித்து முறுக்கியதில் இடது கை தோளிலிருந்து வீங்கியிருந்தது. சாரதா நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். இனிமேல் எவ்வளவு பெரிய கோப்பானாலும் கேள்வி கேட்காமல் திறக்கும்படி அவன் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"இந்து சொன்ன மாதிரி வேற எதுலயாவது எழுதக் கூடாதாடா?"

"பிராக்கெட்ட மூடும்மா."

"மூடிட்டேன்."

"இன்னொண்ணு."

கூரைத் தகட்டில் கல் விழுந்தது. தண்ணீர் கிடைக்காத மேல் லைன்காரர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். அடுத்த கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"டேய், கத்தியோட வர்றாங்கடா!"

"வரட்டும்மா, தட்டு," என்றான் எழிலன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு பிராக்கெட்டு கீது."