மூக்கனின் கவ்வாத்துக் கத்தி

ஜீவராஜுக்கு ஒரு பைத்தியம். மஸ்கெலியாவுல ஹார்ட்வெயார் கடை வச்சுக்கிட்டு, புதுசையெல்லாம் ஊருக்கு வித்துட்டு, தனக்குன்னு பழசாப் பொறுக்குவார். தேஞ்ச மம்பட்டி, பல்லு போன, மண்ணு கெளறுற முள்ளு, பிடி ஒடஞ்ச கோடாலி. "இது யாரு பொழங்குனதுங்க?"ன்னு கேட்டு, கதையையும் சேத்து வாங்கினாத்தான் மனுசனுக்குத் திருப்தி. முன்னறை முழுக்க இரும்பு. கால் வைக்க எடமில்லன்னு சம்சாரம் தெனமும் வையும். அவரு காதுல போட்டாத்தானே!

இத்தனையும் எதுக்கு? அப்பா மூக்கனோட கவ்வாத்துக் கத்தி எங்கயாச்சும் ஆப்புடாதாங்கிற ஆசைதான். தேயிலைச் செடிய மட்டமா நறுக்கி விடுற கவ்வாத்து வேலையில மூக்கன மிஞ்ச ஆளில்லன்னு கேட்டே வளந்தவரு. அப்பா செத்த மறுநாளே கத்தியக் காணோம். இவரு அப்பச் சின்னப் பய. அப்பா மடியில ஒக்காந்து, அவரு கத்தி தீட்டுறதப் பாத்த ஞாபகம் மட்டும்தான் மிச்சம்.

போன மாசம் நோட்டன் பிரிட்ஜ் பழைய இரும்புக் கடையில அது கெடச்சுது. யார் யாரு கையிலயோ மாறி வந்திருக்கு. அலகுல 'மூ'ன்னு குத்துன எழுத்து அப்படியே இருந்துச்சு. கடையிலயே நின்னு அழுதுட்டார்.

ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, நடுவுல அப்பா கத்திய வச்சு, பொட்டு வச்சு, மாலையும் போட்டார். பூசைக்கு ராகலையில இருந்து அக்கா நாகலெட்சுமி வந்தா. அம்மாவுக்கு அப்புறம் அவர வளத்தவ அவதான். வாசல்ல செருப்பக் கழட்டுனவ, கத்தியப் பாத்ததும் திரும்ப மாட்டிக்கிட்டா.

"அத எடுத்து வெளிய போடு. இல்லன்னா நான் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

"அப்பா கத்திக்கா!"

"தெரியும்டா. வித்ததே நான்தான். அம்மாவுக்கு ரெண்டு வெரலு எப்படிப் போச்சு, சொல்லு?"

"கவ்வாத்து வெட்டயில..." சின்னதுல இருந்து சொல்லிக் குடுத்த பதில், தயங்காம வந்துச்சு.

"கூறு கெட்டவனே! அந்தக் காலத்துல எந்தத் தோட்டத்துலடா பொம்பளைக்குக் கவ்வாத்து குடுத்தாங்க? அது ஆம்பள வேல. நாங்க கொழுந்து எடுத்தோம். தோட்டத்து லயத்து வீட்டுலயே பொறந்தவன்தானே நீ?"

ஊரான் கத்திக்கெல்லாம் கத கேட்ட மனுசன், சொந்த வீட்டுக் கதைய ஒரு தடவ கூட யோசிச்சுப் பாக்கல.

"சோறு ஆறிப்போச்சுன்னு அப்பன் இதாலதான் வெட்டுனான்," அக்கா கத்தியக் காட்டினா. "அடுத்த ஆயுத பூசைக்கு அதே கையால அம்மா அதுக்குப் பொட்டு வச்சுச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"அம்மா விடல. இவனுக்காச்சும் அப்பன் நல்லவனா இருந்துட்டுப் போகட்டும்னுச்சு."

அவரு கத்திய எடுத்தார். மாலையப் பிச்சுப் போட்டுட்டு, கொல்லப்பக்கம் ஒரு சாக்குல சுத்தி வச்சார். அக்கா உள்ள வந்தா. கற்பூரத்த அவளே கொளுத்தினா.

ஜீவராஜ் கை கும்புட்டு நின்னார். அக்காவப் பாக்க மொகம் இல்ல. அம்மாவோட அந்தக் கைதான் கண்ணு முன்னால நின்னுச்சு. ஆனா, பாவி மனசு, அப்பன் மேல இருந்த பாசத்த மட்டும் விடவே மாட்டேன்னுச்சு.